டக் போட்டுக்காரர்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குள் சின்ன ஏரி இருக்கிறது. அதில் வாத்து வடிவ மிதிபடகுகள் ஓடிய காலத்தில் நான் அங்கே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது படகு ஓடுவதில்லை. குத்தகைக்காரர் போதும்டா சாமி என்று கீழே இறங்கிப் போய்விட்டார். மஞ்சள் வாத்துகள் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. காட்டெருமைகள் வந்து அவற்றில் முதுகு சொறிந்துகொண்டு போகின்றன. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது மூடுபனி இறங்கியிருந்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பேன். பனிக்குள் யாரோ துடுப்புப் போடுகிற மாதிரி இருக்கும். அப்படி யாரும் இல்லை என்று தெரியும். அங்கே துடுப்புப் போட்டவர் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்ததே காது செய்த கோளாறால்தான். குத்தகைக்காரர் மேட்டுப்பாளையத்து மனிதர். ஆள் எடுப்பதற்காக டிக்கெட் கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் கவாத்து வெட்டி ஓய்வு பெற்ற ஒருவர், காதை மூடிக் கட்டிய கம்பளி மப்ளரோடு வந்து நின்றார்.

"முன்னப்பின்ன படகுல வேலை பார்த்திருக்கீங்களா?" என்று குத்தகைக்காரர் கேட்டார்.

"டக் போட்டுல இருந்தேங்க. கொழும்புல."

குத்தகைக்காரருக்கு வாயெல்லாம் பல். "அட, நம்மகிட்ட ஓடறதும் டக் போட்டுதானுங்க! நாளைக்கே வந்துருங்க."

மறுநாள் காலையில் வந்தவர் கரையில் நின்று வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சு மூக்கு, பெரிய கண், முதுகில் நாலு பேர் உட்காரும் பள்ளம். பிறகு என்னிடம் வந்து, "டக் எங்க புள்ள?" என்றார். காட்டினேன். "இதா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்கு ஊதுற சங்கு எங்க இருக்கு?" என்று கேட்டார். ஆள் ஒரு மாதிரி போலிருக்கிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

மதியம் டீ குடிக்கும்போதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அவர் சொன்ன டக், பறவை வகையைச் சேர்ந்ததில்லை. பெரிய கப்பல்களை வடம் போட்டு இழுக்கிற இழுவைப்படகு. நீராவியில் ஓடியது. உயரமான புகைக்குழாயும், வயிற்றுக்குள் எந்நேரமும் எரிகிற பாய்லருமாக இருந்த குட்டிப் படகு. ஹட்டன் பக்கம் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவர், இளவட்டமாக இருந்தபோது கொழும்புக்கு ஓடிப்போய் அதில் கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்திருக்கிறார். அவர் சேர்ந்தபோதே படகுக்கு நல்ல வயதாகியிருந்ததால் எல்லோரும் அதைக் கிழவி என்றுதான் கூப்பிட்டார்களாம். அதன் முகப்பில் எழுதியிருந்த இங்கிலீஷ் பேர் அவருக்குக் கடைசிவரை வாயில் நுழையவில்லை. பிறகு, தோட்டத்து மக்களை இரண்டு நாடும் பங்கு போட்ட ஒப்பந்தத்தில் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. பெண்டாட்டியோடு இந்த மலைக்கு வந்து கவாத்துக் கத்தியைப் பிடித்துவிட்டார்.

"குத்தகைக்காரர்கிட்ட சொல்லிப் போடலாமுங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கயிறு போட்டு இழுக்கிறது தானே. வேலை ஒன்னுதான்," என்றார்.

நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அவர் டக் போட்டுக்காரர் ஆனார்.

வாத்துகளில் போகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பலகை வைத்திருப்பதையும் மதிக்காமல் ஏரியின் கடைக்கோடிக்குப் போவார்கள். அங்கே பாசி சுற்றி மிதி நின்றுவிடும். உடனே துப்பட்டாவை ஆட்டுவார்கள், கத்துவார்கள். அவர் துடுப்புப் படகில் போய் மீட்டுக்கொண்டு வர வேண்டும். அவர் போகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வெரசாப் போங்கய்யா, அந்தப் பொண்ணு அழுவுதுங்க!" என்று கரையிலிருந்து கத்துவேன். காதில் விழாத மாதிரி போவார். போய், வாத்தின் கழுத்தில் கயிற்றைக் கட்டுவார். கட்டியதும் இழுக்க மாட்டார். கயிறு தண்ணீருக்குள் தொய்ந்து கிடக்கும். மெல்ல மெல்லத் துடுப்புப் போட்டு, கயிறு சொட்டச் சொட்ட நீரை விட்டு எழுந்து நேராகிற வரைக்கும் நகர்வார். அதற்குப் பிறகுதான் ஒரு அழுத்து. வாத்து தூக்கத்தில் நடக்கிற பிள்ளை மாதிரி பின்னாலேயே வரும்.

"வெடுக்குன்னு இழுத்தா வடம் அறுந்திடும் புள்ள. அறுந்த வடம் ஆளக் கொன்னுப்புடும்."

"இது நைலான் கயிறுங்கய்யா. அந்தப் பக்கம் இருக்கறது வாத்துங்க."

"கயிறு கயிறுதான்."

ஒருமுறை புதுக் கல்யாண ஜோடி ஒன்று நடு ஏரியில் சண்டை போட்டு, ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. மிதிக்கவும் இல்லை, கையை ஆட்டவும் இல்லை. இவராகவே போய்க் கயிற்றைக் கட்டினார். அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு ஸ்வெட்டர் கையே பின்னியிருப்பேன். கரைக்கு வரும்போது அந்தப் பெண் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இறங்கியதும், படகு ரொம்ப மெதுவாக வந்தது என்று குத்தகைக்காரரிடம் இரண்டு பேரும் ஒரே குரலில் புகார் செய்தார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. படகுத்துறைக்கு முன்னால் இரண்டு மூங்கில் நட்டிருந்தோம். இவ்வளவு பாடுபட்டு இழுத்துக்கொண்டு வருகிறவர், அந்த மூங்கில்களுக்கு நடுவில் வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுவார். மீதித் தண்ணீரை அவர்களே மிதித்துக் கடக்க வேண்டும்.

"ஏனுங்க, இத்தனை தூரம் கொண்டாந்தவரு கரையோட சேர்த்து விட்டாத்தான் என்னுங்க?" என்று குத்தகைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"நம்ம வேலை வாசல் வரைக்கும்தாங்க," என்பார்.

வாசல் வரைக்கும். இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்காத நாள் இல்லை. துறைமுகத்தின் வாசலைத்தான் முதலில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். வெளிக்கடலுக்குப் போகிற கப்பலை இரண்டு கல்சுவர்களுக்கு நடுவில் இருக்கும் வாசல் வரை இழுத்துப் போய் விடுவது கிழவியின் வேலை. விட்டதும் திரும்பிவிடும். ஆனால் மனிதர் ஊருக்குள்ளும் அப்படியே நடந்தால் என்ன செய்வது?

சாயங்காலம் கொட்டகையைப் பூட்டியதும் என்னோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வருவார். கற்பூர மரங்கள் இருக்கிற வளைவு வரைக்கும் வருவார். பஸ் வெளிச்சம் தெரிந்ததும் திரும்பி நடப்பார். 'போய் வா' என்று ஒரு சொல், ஒரு கையசைப்பு, ஒன்றும் கிடையாது. ஆரம்பத்தில் எனக்கு அவமானமாகவே இருந்தது. நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டிருப்பேன், அவர் முதுகு பனியில் கரைந்துகொண்டிருக்கும்.

என் தங்கை கல்யாணம் அருவங்காட்டில் நடந்தது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்கள் ஆட்களோடு சீர்த்தட்டு ஒன்றைச் சுமந்து, மண்டபத்து வாழைமரம் வரைக்கும் வந்தார். தட்டை என் சித்தப்பா கையில் கொடுத்தார். அதற்கப்புறம் ஆளைக் காணோம். பந்தியில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு என் அம்மா கொதித்துப்போனாள். "கை நனைக்காமப் போயிட்டாரே அந்த மனுசன்! நாம என்ன குறை வெச்சோம்?"

மறுநாள் நான் விடவில்லை. "ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போனாக் கொறைஞ்சா போயிருவீங்க?"

"எல்லாரும் உள்ள போயிட்டாங்கதானே?"

"போயிட்டாங்க."

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு வாத்துகளின் முதுகில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை இறைக்கப் போய்விட்டார். நான் பல நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, அது வேறு எரிச்சல்.

பனி கெட்டியாக இறங்கிவிட்டால் படகு விட மாட்டோம். ஏரி இருக்கிற இடமே தெரியாது. கொட்டகைக்குள் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கீழே பள்ளத்தாக்கில் மலை ரயில் ஊதினால் அவர் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பார். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு கிழவி வருவாள்.

"கடல்ல வேலைன்னு பேருதான் புள்ள. நான் பார்த்ததெல்லாம் நெருப்பு. கப்பல் எந்த ஊரு, என்னா நிறம், ஒன்னும் தெரியாது. கீழ கெடப்பேன். திடீர்னு காலுக்கடியில தரை மெல்ல எழும்பும், இறங்கும். மூச்சு விடுற மாதிரி. அப்ப வாசலுக்கு வந்துட்டோம்னு அர்த்தம். மணி அடிப்பாங்க. கொஞ்சம் மேல ஏறி வந்து காத்து வாங்குவேன்."

"அப்ப கப்பலைப் பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன். இரும்புச் சுவரு மாதிரி நம்மளத் தாண்டிப் போகும். மேல யாராவது கையக் காட்டிக்கிட்டு நிப்பாங்க. நமக்கில்ல, கரைக்கு. வடத்த விட்டதும் நாங்க திரும்பிடணும். வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னா வாசல்ல அலை அடிச்சுச் சாய்ச்சுப்புடும். அதனால யாரும் திரும்பிப் பார்க்கிறதில்ல."

இதைச் சொல்லும்போது அவர் குரல் ரொம்பத் தணிந்துவிடும். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து டீ கிளாஸுக்கு மேலே நிற்கும். அந்த நேரத்தில் தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரு கப்பல் வெளிச்சத்தோடு நகர்ந்து போனால்கூட நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால், இரண்டொரு தடவை போனது. நான் பார்த்தேன்.

ஒரு நாள் போனில் சும்மா தேடிக்கொண்டிருந்தபோது கிழவி கிடைத்துவிட்டாள். உடைக்காமல் வைத்திருக்கிறார்கள். பழுது பார்த்து, கறுப்பும் சிவப்புமாகச் சாயம் அடித்து, துறைமுகத்தின் ஓரத்தில் கட்டி, பள்ளிப் பிள்ளைகள் ஏறிப் பார்க்க விட்டிருக்கிறார்கள். வீடியோவைக் காட்டியதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். புகைக்குழாயைப் பார்த்ததுமே, "அவதான்," என்றார்.

வீடியோவின் முதல் பாதியில், பழுது பார்ப்பதற்காக அவளை வேறு ஊர்ப் பட்டறைக்குக் கடல் வழியாகக் கொண்டுபோகிறார்கள். புது டீசல் படகு ஒன்று அவளுக்கு வடம் கட்டி இழுக்கிறது. புகை இல்லாமல், சத்தம் இல்லாமல் அவள் பின்னால் போகிறாள். அவர் மூக்கோடு போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளையே இழுத்துக்கிட்டுப் போறானுக," என்றார். பிறகு, "புள்ள, இது வாசல் சுவருதானே? தாண்டுறாளா பாரு."

பார்த்தேன். தாண்டினாள். இரண்டு சுவர்களுக்கும் வெளியே, வெறும் தண்ணீரில் சின்னதாகிக்கொண்டே போனாள்.

"வெளிய போறாளே," என்றார். அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். என் போனில் சார்ஜ் இறங்கியும் நான் கேட்கவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அவர் பெண்டாட்டி என்னைப் பார்க்க வந்தார். அந்தம்மா எப்போதாவது சோற்றுத் தூக்கோடு வருவதுண்டு. அன்றைக்கு வெறுங்கையோடு வந்து, கொட்டகைப் பலகையில் உட்கார்ந்து அழுதார். ஹட்டனில், பிறந்த அதே லயத்தில், அந்தம்மாவின் தங்கை இருக்கிறாள். அந்தக் காலத்தில் அக்காவுக்கு இந்தியா என்றும் தங்கைக்கு இலங்கை என்றும் விழுந்து பிரிந்தவர்கள். அதன் பிறகு நேரில் பார்க்கவே இல்லை. இப்போது தங்கைக்கு நினைவு தப்பிக்கொண்டு வருகிறது. தங்கை மகள் போன் செய்திருக்கிறாள். 'பெரியம்மா, வாறதுன்னா இப்பவே வாங்க, டிக்கெட் நாங்க எடுக்கிறோம். இன்னும் கொஞ்ச நாள் போனா அம்மாவுக்கு உங்களத் தெரியாது.'

"போயிட்டு வரவேண்டியதுதானுங்கம்மா. டிக்கெட் எடுத்துத் தரோம்னுதான சொல்றாங்க?"

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, ஒன்னா? முட்டி வேற பிடிச்சுக்கிட்டுக் கெடக்கு. அவரு வரணும் புள்ள. ரெண்டு பேருக்கும் எடுக்கச் சொல்லியாச்சு. அந்த மனுசன் ஆகட்டும் ஆகட்டும்னுதான் சொல்றாரு. ஆனா எனக்குத் தெரியும். வாசல் வரைக்கும் வருவாரு. பொறகு என்னய விட்டுட்டுத் திரும்பிடுவாரு."

அவரிடம் கேட்டேன். கேட்டே ஆக வேண்டும் என்று பட்டது. அவர் நனைந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவத் தனியா அனுப்பிப்போடுவீங்களா?"

கயிறு முழுவதையும் சுருட்டி வைத்துவிட்டுத்தான் பேசினார். "நாங்க பொறப்பட்ட அன்னைக்கு எங்கம்மா லயத்து வாசல்லதான் நின்னுச்சு. ஸ்டேசனுக்கு நடக்க ஏலாது அதுக்கு. நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு முன்னால போயிட்டேன். திரும்பிப் பார்க்கல. பழக்கம். அடுத்த வருசமே செத்துப்போச்சு. இப்ப அங்க போனா, வாசல்ல நிக்க ஆளில்லையே புள்ள."

"அந்தம்மாவோட தங்கச்சி இருக்காங்கல்ல," என்று எதையோ சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்பது புரியவில்லை.

விமானம் திருச்சியிலிருந்து. வழியனுப்ப நானும் போனேன், அதாவது காவலுக்குப் போனேன். பஸ்ஸில் அந்தம்மாவின் மடியில் தங்கைக்காகக் கட்டிய தேயிலைப் பொட்டலம் இருந்தது. சிலோனுக்கே தேயிலை கொண்டுபோகிறீர்களா என்று நான் கிண்டல் செய்தும் சிரிக்கவில்லை. விமான நிலையக் கதவில் துப்பாக்கி வைத்திருந்த காவலர், பயணம் போகிறவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார். நான் ஒதுங்கி நின்றேன். டக் போட்டுக்காரர் இரண்டு பாஸ்போர்ட்டையும் காட்டினார். பெண்டாட்டியின் பாஸ்போர்ட்டை அந்தம்மா கையில் கொடுத்தார், பையை அந்தம்மா தோளில் மாட்டினார். மாட்டிவிட்டு, அப்படியே நின்றார். அந்த நிற்றலை நான் நன்றாக அறிவேன். கற்பூர மரத்து வளைவில் தினம் பார்த்ததுதான்.

அந்தம்மா அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கெஞ்சுவார், கையைப் பிடித்து இழுப்பார் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. தேயிலைப் பொட்டலத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, முட்டியை வைத்து வைத்து உள்ளே நடந்தார். கண்ணாடிக் கதவு மூடியது. பளபளத்த தரையில், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல், போய்க்கொண்டே இருந்தார்.

"பெரியவரே, உள்ள போறீங்களா இல்லையா? பின்னால ஆள் நிக்கறாங்க," என்றார் காவலர்.

அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு திகைப்பை அந்த முகத்தில் நான் கண்டதே இல்லை. "திரும்பிப் பார்க்கவே இல்லையே புள்ள," என்றார்.

"பார்க்க மாட்டாங்க. போங்கய்யா, போங்க," என்றேன். அவர் செருப்பு சத்தம் போட உள்ளே ஓடினார்.

ஒரு மாதம் கழித்து வந்தார்கள். அவர் வந்த அன்றே துடுப்பை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டார். பனி வேறு. அந்தம்மா கொட்டகையில் என்னோடு உட்கார்ந்தார். நான் முதலில் கிழவிப் படகைப் பற்றித்தான் கேட்டேன். பார்த்தாராம். அங்கேயும் டிக்கெட்டாம். கீழே பாய்லர் அறைக்கு இறங்கி, தொடக்கூடாது என்று எழுதியிருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாராம். காவலுக்கு நின்ற சிங்களப் பையன் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

"தங்கச்சிக்கு உங்களத் தெரிஞ்சுதுங்களா?"

"மொதல்ல தெரியல. யாரோ பக்கத்துத் தோட்டத்து ஆளுன்னு நெனச்சு, உக்காருங்க தண்ணி குடிங்கன்னா. எனக்கு உசிரே போச்சு. பொறகு என் கையப் பிடிச்சு இந்த வெரலு இருக்கு பாரு, சின்னதுல அருவா பட்ட வெரலு, அதத் தடவிக்கிட்டே இருந்தா. அக்கான்னா. அவ்வளவுதான் புள்ள. எனக்கு அது போதும். ராவும் பகலும் அக்கா அக்காதான்."

அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏரிப் பக்கம் பார்த்தார். பனிக்குள் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"இவரு அப்பதான் உள்ள வந்தாரு. அவ தலையத் தூக்கிப் பார்த்தா. ஒரு நிமிசம் யோசிக்கல. பேரச் சொல்லிக் கூப்பிட்டா, இவரோட அம்மா கூப்பிடுற பேரு. 'அத்தான், இப்பதான் வாறீங்களா? மாமி வெள்ளனயிலருந்து வாசல்லயே நிக்கிது. போய் மொகத்தக் காட்டுங்க'ன்னா."

"அவரு என்ன சொன்னாருங்க?"

"வந்த கால்லயே வெளிய போய், மாமி அன்னைக்கு நின்ன பக்கத்து லயத்து வாசலப் பார்த்தாரு."